உயிரை முடிக்க உதவுவதைச் சட்டம் அனுமதிக்கலாமா? வன்னியில் எழும் கேள்விகளும் பதில்களும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்களில் கிடையாய்க் கிடக்கும் நோயாளிகளைப் பராமரிக்கும் குடும்பத்தினரும், அவர்களைப் பார்க்கப் போய்வரும் தொண்டர்களும் கேட்கும் கேள்விகள் இவை. பாதிக் கேள்விகள் கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வந்த ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியவை. அங்கெல்லாம் இது பாராளுமன்றத்தில் பேசப்படும் விடயம். இங்கே நோயாளியின் காதில் விழுந்துவிடும் என்று வாயை மூடிக்கொள்கிறோம். எனக்கு இதில் ஒரு நிலைப்பாடு உண்டு, அது பதில்களில் தெரியும். சமயங்கள் சொல்வதை மட்டும் என் விருப்பத்துக்கு வளைக்காமல் எழுதியிருக்கிறேன்.

முதலில், சரியாக எதைப் பற்றிப் பேசுகிறோம்?

நான்கு வெவ்வேறு செயல்களை ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். நோயாளி கேட்டுக்கொண்டதன் பேரில் மருத்துவரே ஊசி ஏற்றி உயிரை முடிப்பது ஒன்று. மருத்துவர் மருந்தை எழுதிக் கொடுக்க, நோயாளி தன் கையாலேயே அதை உட்கொள்வது இன்னொன்று. இந்த இரண்டையும்தான் உலகம் சட்டமாக்கலாமா என்று விவாதிக்கிறது. பயன் தராத சிகிச்சையை நிறுத்தி, நோயை அதன் போக்கில் விடுவது மூன்றாவது. வலி தணிய மருந்து கொடுப்பது நான்காவது. பின்னைய இரண்டையும் முன்னைய இரண்டோடு குழப்பிக்கொள்வதால் எங்கள் வீடுகளில் நடக்கும் அநியாயம் கொஞ்சமல்ல. வலியில் துடிப்பவருக்கு மருந்து கொடுக்கப் பயப்படுகிறோம். போகவேண்டிய உயிரை மூக்குக் குழாயில் கட்டி வைத்திருக்கிறோம்.

எந்த நாடுகளில் இது சட்டமாகியிருக்கிறது?

நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 2002 முதல். அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் 1997 முதல். அங்கே ஆறு மாதத்துக்குள் இறப்பு எதிர்பார்க்கப்படும் நோயாளிக்கு மட்டும், அதுவும் அவர் தானே உட்கொள்ளும் முறையில். சுவிற்சர்லாந்தில் சுயநல நோக்கத்தோடு உதவுவதுதான் குற்றம். அந்த விதி 1942 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஸ்பெயினும் நியூசிலாந்தும் 2021இல் சேர்ந்தன. நியூசிலாந்து முன்னதாக மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தியது. அவுஸ்திரேலியாவில் விக்டோரியா 2019இல் தொடங்கியது, 2023 முடிவதற்குள் ஆறு மாநிலங்களிலும் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான சட்டமூலம் 2025 ஜூன் 20 அன்று 314க்கு 291 என்ற வாக்குகளில் கீழவையில் தேறி மேலவைக்குப் போனது.

எங்கள் உறவுகள் அதிகம் வாழும் கனடாவைத் தனியாகச் சொல்லவேண்டும். 2015இல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது, 2016இல் சட்டம் வந்தது. தொடக்கத்தில், இறப்பு எதிர்நோக்கக்கூடிய தூரத்தில் இருப்பவர்களுக்கே அனுமதி. 2021இல் அந்த நிபந்தனை எடுக்கப்பட்டது. அதாவது, சாகும் தறுவாயில் இல்லாத, தீராத நோயோ ஊனமோ உள்ளவரும் கேட்கலாம். மனநோய் மட்டுமே காரணம் என்றால் இப்போதைக்கு அனுமதியில்லை, 2027 மார்ச் வரை அது தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. 2023 என்ற ஒரே ஆண்டில் இந்த வழியில் இறந்தவர்கள் 15,343 பேர்.

இலங்கைச் சட்டம் என்ன சொல்கிறது?

மிகக் கடுமையாகச் சொல்கிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 299ஆம் பிரிவு, ஒருவர் தற்கொலை செய்துகொள்ள உடந்தையாக இருந்தவருக்கு மரண தண்டனை என்கிறது. 1976க்குப் பிறகு இலங்கையில் யாரும் தூக்கிலிடப்படவில்லை என்றாலும் பிரிவு அப்படியே இருக்கிறது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைத் தண்டிக்கும் பிரிவை மட்டும் 1998இல் நீக்கினார்கள். அது நல்ல வேலை. அதற்கு முன்பு விஷம் குடித்துப் பிழைத்தவரின் கட்டிலருகே பொலிஸும் நின்றது.

இந்தியாவை ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்கு: அங்கேயும் ஊசி ஏற்றி உயிரை முடிக்க அனுமதியில்லை. ஆனால் உயிர்காக்கும் கருவிகளை விலக்கிக்கொள்வதை 2011இல் அருணா ஷான்பாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளோடு ஏற்றது. 2018இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, ‘நான் நினைவிழந்தால் எனக்கு இன்ன சிகிச்சை வேண்டாம்’ என்று முன்கூட்டியே எழுதிவைப்பதையும் செல்லுபடியாக்கியது. இலங்கையில் அப்படியொரு பத்திரத்துக்குத் தனிச்சட்டம் கிடையாது. என்னைக் கேட்டால், கொழும்பில் சட்டம் எழுதுபவர்கள் முதலில் கைவைக்க வேண்டிய இடம் இதுதான்.

சைவசமயம் இதை ஏற்கிறதா?

சைவத்தில் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஆணையிடும் ஒரு பீடம் இல்லை. ஆனால் பொதுவான சாய்வு ‘இல்லை’ என்பதுதான், அதற்குக் காரணமும் தெளிவானது. சைவசித்தாந்தப்படி இந்த உடம்பு பிராரத்துவ வினையை அனுபவித்துக் கழிப்பதற்காக வாய்த்தது. இடையில் முறித்தால் மிச்சம் கழியாது, இன்னோர் உடம்புக்குப் போகும். திருமூலர் ‘உடம்பை வளர்த்தேன் உயிர்வளர்த் தேனே’ என்றதும் இதே திசையில்தான்: உடம்பு உயிரின் கருவி, அதை அழிக்க நமக்கு அதிகாரமில்லை.

இந்த இடத்தில் ஊரில் ஒரு பெரிய பிழை நடக்கிறது. ‘வினையை அனுபவித்துத்தான் தீரவேண்டும், மருந்து எதற்கு’ என்று நோயாளியின் காது கேட்கவே சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். சைவ மரபில் வலியோடு போராடியவர்களில் எல்லாரும் அறிந்தவர் அப்பர் சுவாமிகள். சூலை நோயால் குடலை முறுக்கும் வேதனையோடு திருவதிகைக்குப் போய் நின்று பாடிய முதற் பதிகத்தில் ‘கொடுமைபல செய்தன நான்அறியேன்’ என்று தம் வினையை ஒப்புக்கொள்கிறார். அதே பாட்டின் முடிவில் ‘ஆற்றேன் அடியேன்’ என்கிறார். என் வினைதான், இருந்தாலும் என்னால் தாங்க முடியவில்லை, நீக்கு. நீங்கியது. வினைக்கொள்கையைக் காட்டி வலிமருந்தை மறுப்பவர் அப்பரை விடப் பெரிய சைவராக இருக்க முடியாது.

பெரியபுராணத்தில் அதே சூலை நோய் வந்த இன்னொருவர் ஏயர்கோன் கலிக்காமர். சுந்தரர் வந்துதான் தீர்ப்பார் என்று இறைவன் சொல்ல, அவர் கையால் குணமாவதை விடச் சாவது மேல் என்று உயிரை விட்டார். சிவன் அவரை நரகத்துக்கு அனுப்பவில்லை, எழுப்பி நண்பராக்கினார். அவரை அப்படிச் செய்வித்தது கோபமும் மானமும். இந்தக் கதையை வைத்துச் சட்டம் எழுத முடியாது, ஆனால் உயிரை விட்டவரைப் பற்றிச் சைவம் பேசும் தொனியை இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

எங்கள் மரபில் வடக்கிருத்தல் இருந்ததே? போராட்ட காலத்தில் தாமே உயிர்விட்டவர்களை மதித்தோமே? இப்போது மட்டும் ஏன் தயக்கம்?

இளைஞர்கள் நேரடியாகக் கேட்கிறார்கள், பெரியவர்கள் மழுப்புகிறார்கள். மழுப்பத் தேவையில்லை.

புறநானூற்றில் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் அமர்ந்து, உயிர்விட்டான், பிசிராந்தையார் உடனிருந்தார். முதுகிற் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்தான். மானம் போனால் வாழாதவர்களைக் கவரிமாவுக்கு ஒப்பிட்டது குறள். சமணர்களிடம் உண்ணாநோன்பிருந்து உயிர்விடும் சல்லேகனை இருந்தது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரிகரின் நினைவைக் கல்வெட்டு சொல்கிறது. வினோபா பாவே 1982 நவம்பரில் உணவையும் மருந்தையும் மறுத்து இறந்தார். ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் சமணரின் இந்த நோன்பைத் தற்கொலைக்குச் சமம் என்று தடுத்தது. அந்த மாத முடிவிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்தது.

பிறகு 1987 செப்டெம்பரில் நல்லூர் வீதியில் திலீபன், 1988இல் மட்டக்களப்பில் அன்னை பூபதி. இருவரும் அரசியல் கோரிக்கைக்காக உண்ணாவிரதமிருந்து இறந்தார்கள். கழுத்தில் சயனைட் குப்பியோடு திரிந்த ஒரு தலைமுறையின் நடுவே நாங்கள் வாழ்ந்தோம்.

ஆகவே ‘தமிழ்ப் பண்பாடு ஒருபோதும் தானாக உயிர்விடுவதை ஏற்றதில்லை’ என்று மேடையில் சொல்பவர் வரலாற்றை மறைக்கிறார். ஆனால் அந்த இறப்புகள் எதிலும் வலி தாங்காதது காரணமாகச் சொல்லப்படவில்லை. மானம், நட்பு, துறவு, அரசியல் கோரிக்கை, இரகசியம் காத்தல் என்பவையே காரணங்கள். இன்னொன்று, உண்ணாநோன்பில் ஒவ்வொரு நாளும் திரும்பிவர வழியிருக்கிறது. மற்றவர் கை எதிலும் படுவதில்லை. மருத்துவரையும் அரசையும் பங்காளியாக்கும் சட்டம் வேறு வகை. மரபில் முன்னுதாரணம் இருக்கிறது என்பதே ஒரு செயலை நல்லதாக்கிவிடாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். எங்கள் மரபில் உடன்கட்டையும் இருந்தது.

கத்தோலிக்கத் திருச்சபை?

மடுமாதாவின் மண்ணில் இதற்கு நீண்ட பதில் வேண்டும், ஏனென்றால் உலகிலேயே இதைப்பற்றி மிக விரிவாக எழுதியிருப்பது கத்தோலிக்கத் திருச்சபைதான்.

உயிரை வேண்டுமென்றே முடிப்பது, நோயாளியே கேட்டாலும், பெரும் பாவம். 1980இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கையும், 1995இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் எழுதிய ‘எவாஞ்சலியும் வீத்தே’ சுற்றுமடலும், 2020இல் வெளிவந்த ‘சமாரித்தானுஸ் போனுஸ்’ ஆவணமும் இதில் ஒரு துளியும் இளகவில்லை. உயிர் கடவுளின் கொடை, நாம் காவலாளிகள் மட்டுமே என்பது அடிப்படை.

பலருக்குத் தெரியாத மறுபாதி இது. பெருஞ்சுமையான, பலனுக்குப் பொருத்தமில்லாத சிகிச்சையை நிறுத்துவது பாவமல்ல என்று அதே மறைக்கல்வி சொல்கிறது. சாவை விரும்பாமல், வலியைத் தணிக்கும் நோக்கத்தோடு கொடுக்கும் மருந்து ஒருவேளை ஆயுளைச் சற்றுக் குறைத்தாலும் அது ஏற்கத்தக்கது. பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இலேயே மயக்கமருந்து மருத்துவர்களிடம் இதைச் சொல்லிவிட்டார். ‘இயேசு சிலுவையில் பட்டதைப் பார்க்க உன் வலி பெரிதா’ என்று நோயாளியிடம் சொல்வது திருச்சபையின் போதனை அல்ல, சொல்பவரின் கல்நெஞ்சம். அவஸ்தைப் பூசுதலுக்கு குருவானவரை அழைப்பதையும் கடைசி மூச்சு வரை தள்ளிப்போடாதீர்கள். அது நோயாளிக்கான திருவருட்சாதனம், நினைவிருக்கும்போது பெற்றால்தான் அவரும் சேர்ந்து செபிக்கலாம்.

மற்றக் கிறிஸ்தவ சபைகளில் பெரும்பாலானவை எதிர்ப்பு நிலையில்தான் இருக்கின்றன. ஆனால் ஒருமனம் இல்லை. தென்னாபிரிக்காவின் அங்கிலிக்கன் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு, தனக்கு அந்தத் தெரிவு வேண்டும் என்று 2016இல் வெளிப்படையாக எழுதினார். கன்டர்பரியின் முன்னாள் பேராயர் ஜோர்ஜ் கேரி 2014இல் மனம் மாறி ஆதரித்தார். வேதத்தை நன்கு அறிந்தவர்களே இருபக்கமும் நிற்கிறார்கள்.

இஸ்லாம்?

முசலியிலும் நீராவிப்பிட்டியிலும் வவுனியாவிலும் கேட்டால் உலமாக்களிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: ஹராம். ‘உங்களை நீங்களே கொன்றுகொள்ளாதீர்கள்’ என்ற குர்ஆனின் நான்காம் அத்தியாய வசனம் (4:29) அடிப்படை. காயத்தின் வலி பொறுக்காமல் தன்னை முடித்துக்கொண்ட மனிதரைப் பற்றிய நபிமொழி இந்தக் கேள்விக்கே எழுதப்பட்டதுபோல் நிற்கிறது. துன்பத்தால் மரணத்தை விரும்பவேண்டாம், தாங்க முடியாவிட்டால் ‘வாழ்வது எனக்கு நல்லதாக இருக்கும்வரை வாழவை, இறப்பு நல்லதாக இருக்கும்போது இறக்கச்செய்’ என்று துஆ கேளுங்கள் என்ற நபிமொழியும் உண்டு. அந்த துஆவை நோயாளிக்குச் சொல்லிக் கொடுங்கள். சாக வேண்டும் என்று நினைத்த குற்றவுணர்வைக்கூட அது இறக்கிவைக்கிறது.

மருந்து செய்வதை மார்க்கம் தூண்டுகிறது. மூளை முழுமையாகவும் மீளமுடியாமலும் செயலிழந்துவிட்டதாக மருத்துவர்கள் உறுதிசெய்தால் செயற்கைக் கருவிகளை அகற்றலாம் என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1986இல் அம்மானில் தீர்மானித்தது.

பௌத்தத்தின் கருத்து எங்களுக்கு எதற்கு?

நாட்டின் சட்டம் கொழும்பில் எழுதப்படுகிறது, அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. இப்படியொரு சட்டமூலம் என்றாவது வந்தால் பிக்குகளின் குரலே முதலில் கேட்கும். பிக்குகளுக்கான மூன்றாவது பாராஜிகா விதி, மனிதக் கொலையை மட்டுமல்ல, சாவைப் புகழ்ந்து பேசி ஒருவரைத் தூண்டுவதையும் சங்கத்திலிருந்து நீக்கும் குற்றமாக்குகிறது. நோயுற்ற பிக்கு மீது இரக்கப்பட்டு அப்படிப் பேசியவர்களும் அந்த விதியில் அகப்பட்டார்கள் என்று விநயபிடகம் சொல்கிறது. இரக்கம் காரணமாக இருந்தாலும் விலக்கில்லை. அதேநேரம், கொடிய நோயில் தன்னை முடித்துக்கொண்ட சன்னர் என்ற பிக்குவைப் புத்தர் பழிக்கவில்லை என்ற சூத்திரமும் இருக்கிறது. அதன் பொருள் பற்றி அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

உயிர் அவருடையது. முடிவெடுக்க அவருக்கு உரிமையில்லையா?

ஆதரவாளர்களின் மிகப் பலமான வாதம் இது. மற்ற எல்லா விடயத்திலும் ஒருவருடைய விருப்பத்தை மதிக்கிறோம் என்று சொல்லிவிட்டு, கடைசி ஒன்றில் மட்டும் அவருடைய கையைக் கட்டுவது என்ன நியாயம்? கடவுள் நம்பிக்கை இல்லாதவர் மீது சமயத்தின் தடையை ஏன் சுமத்தவேண்டும்? இந்த இரண்டாவது கேள்விக்குச் சமயவாதிகள் இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. பல சமயங்கள் வாழும் நாட்டில் ‘பாவம்’ என்பது மட்டும் சட்டத்துக்குப் போதிய காரணமாகாது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ‘நல்ல வலிநிவாரணம் இருந்தால் யாரும் சாவைக் கேட்கமாட்டார்கள்’ என்று இந்தச் சட்டத்தை எதிர்க்கும் எங்கள் பக்கத்தார் சொல்வது சரியல்ல. ஒரேகனில் அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தியவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஏற்கெனவே நோய்தணிப்புப் பராமரிப்பில் இருந்தவர்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் வலி முன்வரிசையில் இல்லை. தன் காரியத்தைத் தானே செய்ய முடியாமை, விரும்பியதைச் செய்ய முடியாமை, கௌரவ இழப்பு என்பவையே முன்னால் நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால், குடும்பத்துக்குப் பாரமாகிவிடுவோம் என்ற பயமும் வரிசையில் நிற்கிறது.

அந்தக் கடைசிக் காரணத்தில்தான் வன்னி எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஏன்? வன்னியில் என்ன வித்தியாசம்?

‘உங்களுக்குப் பாரமாய்க் கிடக்கிறேன்’ என்று சொல்லாத முதியவரை இங்கே நான் கண்டதில்லை. கணவனைப் போரில் இழந்து, கூலி வேலைக்குப் போகும் மகள். நுண்கடன் தவணைக்காரன் வாசலில். மலசலகூடம் வீட்டுக்கு வெளியே, இரவில் தாயைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்தத் தாய் ‘நான் போய்விடுகிறேன்’ என்று கையெழுத்துப் போட்டால், அது யாருடைய விருப்பம்? சட்டம் கேட்கும் எல்லா நிபந்தனையும் நிறைவேறியிருக்கும்: வயது சரி, புத்தி தெளிவு, வற்புறுத்தல் இல்லை. வற்புறுத்தியது எந்த மனிதரும் அல்ல, வறுமை. அதற்குச் சாட்சி பிடிக்க எந்தப் படிவத்திலும் இடமில்லை.

தமிழ்நாட்டில் விருதுநகர்ப் பக்கம் தலைக்கூத்தல் என்ற பெயரில் முதியவர்களை வீட்டாரே சாகவைத்த வழக்கத்தைப் பற்றிச் செய்திகள் வந்தன. செய்தவர்கள் எல்லாரும் அரக்கர்கள் அல்லர். இரக்கமும் இயலாமையும் கலந்து, ஊரே ஒத்துக்கொண்டு செய்தது அது. எந்தச் சட்டமும் இல்லாமலே ‘அவருக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது’ என்ற வாக்கியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இதற்கு ஆதரவாளர்கள் சொல்லும் மறுப்பு: பணக்காரர் சுவிற்சர்லாந்துக்குப் போகிறார், ஏழை துடித்துச் சாகிறார், தடையும் ஏழையைத்தான் தண்டிக்கிறது. உண்மைதான். ஆனால் ஏழைக்குச் சாவதற்கான சமத்துவத்தை முதலில் கொடுத்து, வலிமருந்துக்கான சமத்துவத்தைப் பிறகு பார்ப்போம் என்கிற ஒழுங்கை என்னால் ஏற்க முடியவில்லை.

முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள் என்ன சொல்கிறார்கள்?

போரில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த பலர் வன்னியில் இருக்கிறார்கள். அவர்கள் தாங்களே சங்கமாகக் கூடி, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாழ்கிறார்கள். ‘உன்னைப்போல் இருப்பதைவிடச் சாகலாம்’ என்று பார்க்க வருகிறவர்கள் முகத்துக்கு நேரே சொல்வதைக் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். கனடா 2021இல் சாகும் தறுவாயில் இல்லாத ஊனமுற்றோருக்கும் வழியைத் திறந்தபோது அங்குள்ள மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் எதிர்த்ததற்குக் காரணமும் இந்தப் பார்வைதான். வீடும் சக்கர நாற்காலியும் உதவியாளரும் கேட்டால் வருடக்கணக்கில் காக்கவைக்கும் அரசு, சாவைக் கேட்டால் மாதக்கணக்கில் தருகிறது என்றார்கள். படுக்கைப்புண் வராமல் காக்கும் மெத்தைக்கும் சிறுநீர்க் குழாய்க்கும் அலையும் ஒருவரிடம் போய்ச் சுயநிர்ணயம் பற்றிப் பேசும்போது கொஞ்சம் கூச்சம் வேண்டும்.

2009இல் காயப்பட்ட தந்தை ‘என்னை விட்டுவிட்டுப் போங்கள்’ என்றார். விட்டுவிட்டு வந்தோம். நாங்கள் கொன்றோமா?

இல்லை.

இந்தக் கேள்வி எந்தக் கூட்டத்திலும் கைதூக்கிக் கேட்கப்படுவதில்லை, முடிந்து எல்லாரும் போன பிறகு வருகிறது. மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் மயக்க மருந்துகூடத் தட்டுப்பாடாய் இருந்த நாட்கள் அவை. தூக்கிச் செல்ல ஆளில்லை, பிள்ளைகள் கையில், எறிகணை தலைக்கு மேல். அவருடைய சாவை நீங்கள் விரும்பவில்லை, அதற்கு நீங்கள் காரணமும் அல்ல. எறிகணையை ஏவியவர்கள் காரணம். நான் மேலே சொன்ன நான்கு சமயங்களின் அளவுகோலையும் வைத்துப் பார்த்தேன். எதிலும் உங்கள் பெயர் கொலைக் கணக்கில் வரவில்லை. தன் பிள்ளைகள் தப்பவேண்டும் என்று ஒரு தகப்பன் சொன்ன கடைசி வார்த்தைக்குக் கீழ்ப்படிந்தீர்கள்.

வலியில் கதறியவர் தன்னை முடித்துவிடும்படி கேட்டு, அதைச் செய்தவர்களும் இருக்கக்கூடும். அவர்களுக்கு எழுத்தில் தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன். நம்பிக்கையான ஒரு குருவானவரிடமோ உளவளத் துணையாளரிடமோ பேசுங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

வைத்தியசாலையில் ‘இனிச் செய்ய ஒன்றுமில்லை’ என்று துண்டு வெட்டிவிட்டார்கள். குழாயை எடுப்பதும் கொலைதானே?

கொலையல்ல. நோய்தான் அவரைக் கொண்டுபோகிறது. சுவாசக் கருவி, மீண்டும் மீண்டும் இரத்தம் ஏற்றுதல், மேலும் ஒரு சத்திரசிகிச்சை ஆகியவற்றால் பயனில்லை என்று மருத்துவர்கள் சொன்னபின் வேண்டாம் என்பதைச் சைவமும் கத்தோலிக்கமும் இஸ்லாமும் ஏதோ ஒரு வடிவில் ஏற்கின்றன. உணவு, நீர் விடயத்தில் கருத்து வேறுபாடு உண்டு. அவற்றைச் சாதாரணப் பராமரிப்பாகவே கத்தோலிக்கத் திருச்சபை கருதுகிறது, உடம்பு அவற்றை ஏற்றுக்கொள்ளும்வரை.

கடைசி நாட்களில் உடம்பே உணவைத் தள்ளும். பட்டினி போடுகிறோமே என்று வாயில் திணிக்காதீர்கள், புரையேறும். உதட்டை ஈரத்துணியால் நனையுங்கள். பால் பருக்கும் சடங்குக்கும் ஒரு துளி போதும், வரிசையில் நிற்கும் இருபது உறவினரும் கரண்டி கரண்டியாக ஊற்ற வேண்டியதில்லை. சேடம் இழுக்கும் சத்தம் கேட்கும் நமக்குத்தான் பயங்கரம். அவரைச் சற்று ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், சிவபுராணத்தையோ செபமாலையையோ யாசீனையோ மெதுவாகச் சொல்லுங்கள்.

மோர்பின் கொடுத்தால் கதை முடிந்தது என்கிறார்களே?

சாகும் தறுவாயில்தான் மோர்பினைத் தொடங்குவோம் என்று காத்திருப்பதால் வந்த பெயர் இது. மருத்துவர் அளவு பார்த்துப் படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கும் மோர்பின் ஆயுளைக் குறைப்பதில்லை, நோயாளி தூங்கி எழுந்து பேரப்பிள்ளையோடு பேச விடுகிறது. மலச்சிக்கல் நிச்சயம் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். வலிக்காக உட்கொள்பவர் போதைக்கு அடிமையாகிவிடுவார் என்ற பயம் முற்றிய புற்றுநோயில் பொருளற்றது.

கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் தொடங்கிய வலிநிவாரணக் கிளினிக், அயலவர்களே தொண்டர்களாகி வீடுவீடாகப் போகும் வலையமைப்பாக வளர்ந்தது. 2008இல் மாநில அரசு அதைக் கொள்கையாகவே அறிவித்தது. எங்களைவிடப் பணக்கார ஊர்களில் அல்ல, மீனவக் குப்பங்களிலும் தோட்டக் குடியிருப்புகளிலும் அது நடக்கிறது. முல்லைத்தீவு நோயாளியோ ஏ35 வீதியில் பரந்தன் வந்து, யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து காங்கேசன்துறை வீதி பஸ்ஸில் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். எலும்பில் புற்றுப் பரவியவருக்கு அந்தப் பஸ்ஸின் ஒவ்வொரு குலுக்கலும் தெரியும்.

கனடாவில் மாமா இந்த வழியில் இறந்தார். ஊரில் அந்தியேட்டி செய்யலாமா?

செய்யுங்கள். மறுக்கும் குருக்களைக் கண்டால் வேறொருவரைக் கூப்பிடுங்கள். தற்கொலை செய்தவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்த பழைய விதி 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் இல்லை. ஆயினும் முன்கூட்டியே திட்டமிட்ட இறப்பு என்றால் சில ஆயர்கள் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள், பங்குத்தந்தையிடம் கேட்பது நல்லது. தன்னை மாய்த்துக்கொண்டவருக்கும் ஜனாஸாத் தொழுகை உண்டு என்பதே பெரும்பாலான இஸ்லாமிய சட்ட அறிஞர்களின் கருத்து. செத்தவீட்டில் நின்று ‘அவர் செய்தது சரியா’ என்று விவாதம் நடத்துபவர்களைத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

அப்படியானால் உங்கள் முடிவு என்ன?

மற்ற நாடுகளில் மனச்சாட்சியோடு இந்தச் சட்டத்தை ஆதரித்தவர்களை நான் பழிக்கமாட்டேன். இலங்கையில் இன்று வேண்டாம் என்கிறேன். வேண்டியவை வேறு மூன்று: மாவட்ட வைத்தியசாலை ஒவ்வொன்றிலும் மோர்பினும் அதைக் கொடுக்கத் தெரிந்தவரும், சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டி எழுதிவைப்பதை ஏற்கும் சட்டம், வீட்டில் பராமரிப்பவருக்கு ஒரு கொடுப்பனவு. இவை வந்து பத்து வருடம் கழித்து யாராவது மறுபடி கேட்டால், அப்போது அந்தக் கேள்வி வேறு கேள்வியாக இருக்கும். என் பதிலும் மாறலாம்.

அம்மா தினமும் ‘என்னைச் சாகவிடு’ என்கிறார். இன்றைக்கு நான் என்ன செய்ய?

‘அப்படிச் சொல்லக்கூடாது’ என்று வாயை அடைக்காதீர்கள். பக்கத்தில் இருந்து, ‘எது தாங்க முடியவில்லை?’ என்று கேளுங்கள். இரவில் வலி என்பார், அல்லது மகன் கையால் கழுவப்படும் வெட்கம் என்பார், அல்லது கடன் என்பார். ஒவ்வொன்றுக்கும் செய்யக்கூடியது வேறு. வலி என்றால் கிளினிக் புத்தகத்தோடு மருத்துவரிடம் போய் ‘இந்த மருந்து போதவில்லை’ என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்லாமல் கூட்டித்தர மாட்டார்கள். வெட்கம் என்றால் பெண்கள் யாரையாவது அந்த வேலைக்கு ஒழுங்கு செய்யுங்கள். தூக்கமும் பேச்சும் குறைந்து முகம் சுவரைப் பார்த்தபடியே இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கும் மருந்து உண்டு. அவருக்கோ, பார்த்துப் பார்த்துக் களைத்த உங்களுக்கோ உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசக் கேளுங்கள்.